மேடையில் ஊற்றும் வைனுக்கு யார் பொறுப்பு

நான் மது குடிப்பதில்லை. குடித்துப் பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் சுவிட்சர்லாந்தில் லிம்மாட் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சின்ன நாடக அரங்கில் வைனும் பியரும் பரிமாறுவதற்கான அனுமதிப்பத்திரம் பத்து வருசத்துக்கு மேலாக என்னுடைய பெயரில் இருக்கிறது. எங்கள் ஆட்கள் இதைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "உமக்கேன் இந்த வேலை?" என்பார்கள். நடந்ததை நடந்தபடி சொல்வதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

2009 மே மாதம் இலங்கையில் யுத்தம் முடியும் வரைக்கும் எங்கள் வீட்டில் சனி, ஞாயிறு என்றால் ஊர்வலம், கூட்டம் என்று ஓட்டமாகவே இருக்கும். அதற்குப் பிறகு எல்லாம் ஒரேயடியாக நின்றது. அந்தக் கவலையைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. கவலையோடு சேர்ந்து வெறும் நேரமும் வந்தது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் பார ஊர்தி ஓட்டிவிட்டு வந்து நித்திரை கொள்வார். நான், நாங்கள் இருந்த டீட்டிகோனில் ஒரு பண்டகசாலையில் பெட்டி பிரிக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை பின்னேரம் வந்தால் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று யன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

என்னோடு வேலை செய்த ஒரு சுவிஸ்காரி அந்த நாடகச் சங்கத்தில் உறுப்பினர். அரங்கின் பாரில் இடைவேளைக்குக் கை போதவில்லை, வருகிறாயா என்று கேட்டாள். ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளிப் பக்கத்து ஊர். பழைய நெசவாலை ஒன்றை அரங்காக மாற்றியிருந்தார்கள். எண்பது கதிரை, ஒரு மேடை, வாசல் கூடத்தில் ஒரு நீளமான மரப் பலகை. அந்தப் பலகைதான் பார். இருபது நிமிட இடைவேளையில் எண்பது பேருக்குக் குடிக்கக் கொடுத்து, கிளாஸ்களைத் திரும்ப எடுத்து முடிக்க வேண்டும். முதல் கிழமையே எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. யாருக்கு என்ன வேண்டும் என்பதை முகத்தைப் பார்த்தே எடுத்து வைக்கப் பழகினேன்.

அரங்கில் எல்லாரும் எல்லாரையும் 'டு' என்றுதான் கூப்பிடுவார்கள், அதாவது நீ. சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பல் வைத்தியர், எழுபதைத் தாண்டியவர். அவரை நீ என்று சொல்ல எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மூன்றாவது வருசம் ஒரு சிக்கல் வந்தது. அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருந்ததோ அந்த முன்னாள் உணவகக்காரர் தெற்கே மகளோடு இருக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். இங்கே சட்டம் அப்படித்தான். பத்திரத்தைச் சங்கத்துக்குக் கொடுப்பதில்லை, ஒரு மனிதருக்குத்தான் கொடுக்கிறார்கள். அந்த மனிதர் போனால் பத்திரமும் போய்விடும். இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. புதிதாக ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். பதினாறு வயதுக்குக் குறைந்தவருக்கு வைன் போனாலும், குடிவெறியில் இருப்பவருக்கு இன்னொரு கிளாஸ் போனாலும், கேள்வி அந்த ஒருவரிடம்தான் வரும்.

தலைவர் கூட்டம் கூட்டினார். அவரைத் தவிர எட்டுப் பேர் மேசையைச் சுற்றி இருந்தோம். யார் எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும் ஏழு பேர் தங்கள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார்கள். ஒருவருக்குச் சொந்தக் கடை, பெயர் கெட்டுவிடுமாம். இன்னொருவருக்கு ஆசிரியர் வேலை. நான் சொன்னேன், நான் எடுக்கிறேன் என்று.

எனக்குப் பயம் இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அகதி விண்ணப்பம் தொடங்கி, நான்கு விதமான வதிவிட அட்டை, கடைசியில் குடியுரிமை வரை, இருபது வருசமாக நான் இந்த நாட்டுக் கந்தோர்களுக்குப் பத்திரம் நிரப்பிக் கொடுத்தவள். எந்தக் கடிதத்தை எங்கே எடுப்பது, எதைப் பிரதி எடுத்து வைப்பது, எந்த அதிகாரிக்கு எந்த நேரத்தில் போன் எடுப்பது எல்லாம் கைவந்தது. அந்த ஏழு சுவிஸ்காரரும் வாழ்க்கையில் ஒருமுறை கூடத் தாங்கள் யாரென்று நிரூபித்தவர்கள் இல்லை. குற்றப்பதிவு இல்லை என்ற கடிதத்துக்குத் தபால் கந்தோரில் விண்ணப்பிக்கலாம் என்பதே தலைவருக்குப் புதினமாக இருந்தது.

நகரசபையில் என்னுடைய விண்ணப்பத்தைப் பார்த்தவர் மெலிந்த, நேரான ஒரு அதிகாரி. நிதானமாகப் பேசுவார். விதிகளை வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டார். நான் அவற்றைத் திருப்பி அவருக்குச் சொன்னேன். வயது எல்லை, மூடும் நேரம், மது இல்லாத பானங்களில் சிலவாவது, மிக மலிவான மதுவைவிட விலை கூடாமல் இருக்க வேண்டும் என்பது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு கட்டடத்தின் வரைபடம் ஒன்றை எடுத்து, வாசல் கூடத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் கோடு போட்டார். இந்தக் கோட்டுக்குள் மட்டும்தான் மது, அதற்கு வெளியே இல்லை என்றார்.

இரண்டு கிழமையில் பத்திரம் வந்தது. கணவர் அதை வாசித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தார். அவர் வேலை முடிந்து ஒரு பியர் குடிக்கிறவர்தான்.

"ஆக்கள் கதைப்பினம்" என்றார்.

"கதைக்கட்டும். நான் ஒளிச்சுச் செய்யேல்லைத்தானே" என்றேன்.

ஆட்கள் கதைக்கத்தான் செய்தார்கள். கோயிலில் காணும் ஒரு அக்கா ரயிலில் எனக்கு எதிரே வந்து இருந்து, நீர் சாராயக்கடை நடத்துறீராம் என்று சத்தமாகவே கேட்டார். ஓம் அக்கா, நாடகம் பாக்க வாற ஆக்களுக்கு மட்டும், அதுவும் வயசைப் பாத்துத்தான் என்றேன். அவர் சிரித்துவிட்டு, அந்த அரங்கில் எங்களுடைய ஆட்கள் மண்டபம் வாடகைக்கு எடுக்கலாமா என்று விசாரித்தார். அவ்வளவுதான் அந்தக் கதை.

அடுத்த வருசம் ஒரு புதிய நெறியாளர் வந்தாள். முப்பது வயது இருக்கும், ஃப்ரிபூர்க் பக்கத்தவள், டொச், அதாவது ஜேர்மன் மொழியும் பிரெஞ்சும் கலந்து வேகமாகப் பேசுவாள். அவள் போட இருந்த நாடகம் ஒரு கலியாண விருந்து. பார்வையாளர்கள் கதிரை வரிசையில் இருக்கமாட்டார்கள். மேடையையும் மண்டபத்தையும் ஒன்றாக்கி, பத்து மேசை போட்டு, அவர்களையே விருந்தினராக இருத்துவாள். மாப்பிள்ளையும் மாமனாரும் மேசை மேசையாக வந்து வைன் ஊற்றுவார்கள். விருந்து போகப் போகக் குடும்பத்துச் சண்டை வெளியே வரும். அதுதான் நாடகம்.

வைனுக்குப் பதிலாக முந்திரிகைச் சாறு, அதாவது திராட்சைச் சாறு, ஊற்றலாமே என்று நான் கேட்டேன். முதல் மிடறிலேயே எல்லாருக்கும் விளங்கிவிடும், பிறகு அது கலியாணம் இல்லை, பொய் என்றாள். அவள் சொன்னது சரியென்றுதான் எனக்கும் பட்டது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. மேசைகள் எல்லாம் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்தன.

இதை நான் சொன்னதும் தலைவர் கையை ஆட்டினார். அது நாடகம், உணவகம் இல்லை, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். கேட்கப் போனால் முடியாது என்றுதான் சொல்வார்கள், ஆகவே கேட்க வேண்டாம் என்பது அவருடைய கட்சி. நெறியாளர் என்னைப் பார்த்தாள்.

"பத்திரத்தில் இருப்பது உன்னுடைய பெயர் இல்லை" என்று தலைவரிடம் சொன்னேன். "என்னுடைய பெயர். நான் கேட்பேன்."

என் குரல் உயரவில்லை. ஆனால் அந்த அறையில் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சிவந்துபோனார். பிறகு, சரி, கேள், ஆனால் நாடகம் நின்றால் அது உன்னால்தான் என்றார். எனக்கு அது சுட்டது. வீட்டுக்கு வரும் ரயிலில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நாடகம் நின்றால் அவள் ஆறு மாதம் உழைத்தது வீண். ஆனால் மறைத்துச் செய்து பிடிபட்டால் பத்திரம் போய்விடும், பத்திரம் போனால் பார் போய்விடும், பார் இல்லாமல் அந்தச் சின்ன அரங்கு எப்படித் தாக்குப்பிடிக்கும்? கேட்பதுதான் வழி. எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

கந்தோர்களில் நான் படித்தது ஒன்று. 'செய்யலாமா' என்று கேட்டால், செய்யக்கூடாது என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம். 'இதை ஒழுங்காகச் செய்வதென்றால் நாங்கள் என்னென்ன செய்ய வேண்டும்' என்று கேட்டால் அவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். ஆகவே பத்து மேசையையும் வரைபடத்தில் கீறினேன். நெருப்பு ஏதும் என்றால் வெளியே ஓடும் வழிகளைப் பச்சையாக்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு ஊற்றப்படும், எத்தனை தரம், எந்தக் காட்சியில் என்று நெறியாளரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்கு அதிகாரியிடம் போனேன். திங்கட்கிழமை எந்தக் கந்தோருக்கும் போகக்கூடாது, இதுவும் அனுபவம்.

அவர் எல்லாவற்றையும் வாசித்தார். இப்படி ஒரு விண்ணப்பம் தனக்கு இதுவரை வந்ததில்லை என்றார். முடியாது என்று சொல்லவில்லை. ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் ஒத்திகைக்கு அளவுநாடாவோடு வந்தார். மேசைகளுக்கு நடுவே அளந்தார், கதவைத் திறந்து பார்த்தார், பிறகு நெறியாளர் சொன்ன இடத்தில் இருந்தார். நடிகர்கள் தொடங்கினார்கள். மாமனாராக நடித்தவர் வந்து அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றி, மகளின் கலியாணத்துக்கு வந்ததுக்கு நன்றி என்று தோளில் தட்டினார். அதிகாரி தன்னை மறந்து நன்றி சொல்லி கிளாஸை வாங்கிவிட்டார். நெறியாளர் இருட்டில் என் கையைப் பிடித்து நசித்தாள். அதற்குள் அவருக்கு நினைவு வந்துவிட்டது. கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார்.

"இந்தக் கிளாஸுக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

நடிகர்கள் நின்றுவிட்டார்கள். நான்தான் என்றேன்.

"நீங்கள் வெளியே பாரில் நிற்பீர்கள். வைன் இங்கே ஊற்றப்படுகிறது. யாருக்குப் பதினைந்து வயது, யாருக்கு ஏற்கெனவே வெறி என்று அங்கே நின்று எப்படிப் பார்ப்பீர்கள்? நடிகர்கள் பார்க்கமாட்டார்கள். அவர்களுக்கு நடிக்க வேண்டும்."

அது நியாயமான கேள்வி. தலைவர் பின்மேசையில் இருந்து பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் அதிகம் யோசிக்கவில்லை.

"அப்படியென்றால் நான் உள்ளே நிற்கிறேன்" என்றேன். "ஊற்றுகிற நேரம் முழுக்க."

அவர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்படியானால் சரி என்றார். இந்த நாடகம் ஓடும் நாட்களுக்கு மட்டும் மண்டபத்தையும் கோட்டுக்குள் சேர்ப்பதாகவும், ஒவ்வொரு மேசையிலும் தண்ணீரும் அப்பிள் சாறும் கேட்காமலே வைக்க வேண்டும் என்றும், நான் இல்லாத நாளில் ஒரு துளியும் ஊற்றக்கூடாது என்றும் சொல்லி எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் நெறியாளர் என்னைச் சுற்றி ஒருதரம் நடந்தாள். கலியாண மண்டபத்தின் நடுவில் ஒரு பெண் சும்மா நிற்கமுடியாது, பார்க்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டும் என்றாள். எனக்கு நடிக்கத் தெரியாது, வசனமும் பேசமாட்டேன் என்றேன். நீ இந்தக் கலியாணம் நடக்கிற விடுதியின் தலைமைப் பரிமாறுகாரி, உன் வேலையை மட்டும் செய் என்றாள். கறுப்புப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் தந்தார்கள். இப்படித்தான் நாற்பத்தாறு வயதில், ஒரு சட்ட விதியின் காரணமாக, நான் மேடை ஏறினேன்.

நாடகம் தொடங்கிய முதல் நாள் நடிகர்கள் வெளிறிப்போய் நின்றார்கள். எனக்கு நடுக்கம் வரவில்லை. எனக்கு அங்கே வேலை இருந்தது. சுவிஸுக்கு வந்த புதிதில் நானும் கணவரும் டாவோஸில் ஒரு விடுதியின் சமையலறையில் பாத்திரம் கழுவினோம். நான்கு வருசம் அந்தச் சாப்பாட்டு மண்டபத்தை நான் கண்டதில்லை. திரும்பி வரும் கிளாஸ்களைத்தான் கண்டேன். விளிம்பில் விரல் அடையாளம் எப்படி இருக்கிறது, எவ்வளவு மிச்சம், எத்தனை கிளாஸ் ஒரே இடத்திலிருந்து என்று பார்த்தே, உள்ளே யார் நிதானத்தில் இருக்கிறார்கள், யார் இல்லை என்று சொல்லிவிடுவேன். இப்போது அதே கிளாஸ்கள் ஆட்களின் கையோடு எனக்கு முன்னால் இருந்தன. பத்து மேசையையும் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு குடும்பம் மகளோடு வந்திருந்தது. மாப்பிள்ளை போத்தலைச் சரிப்பதற்கு முன்பே நான் அந்தப் பிள்ளையின் கிளாஸை அப்பிள் சாற்றால் நிரப்பிவிட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை.

நாடகம் ஓடிய நான்காவது நாளில்தான் அது நடந்தது. ஒரு நிறுவனத்து ஆட்கள் ஆறு பேர் ஒரே மேசைக்கு வந்திருந்தார்கள். அதில் ஒரு பெரிய மனிதர், வரும்போதே எங்கேயோ குடித்துவிட்டு வந்திருந்தார். முதல் கிளாஸ் உடனே முடிந்தது. பக்கத்தில் இருந்தவருடையதையும் எடுத்துக் குடித்தார். இரண்டாவது சுற்றுக்கு மாமனார் வந்தபோது அவர் கிளாஸை உயர்த்திப் பிடித்தார், கை ஆடியது. மாமனாராக நடித்தவர் தன் வசனத்தில் இருந்தார், போத்தல் சரிந்துகொண்டிருந்தது. நான் போய் என் கையைக் கிளாஸின் வாய்மேல் வைத்தேன்.

"உங்களுக்கு இனித் தண்ணீர்தான்" என்று சுவிஸ் டொச்சில் சொன்னேன்.

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கோபப்பட்டால் என்ன செய்வது என்று நான் நினைத்து வைத்திருக்கவில்லை. கையை மட்டும் எடுக்கவில்லை. பிறகு ஒரு மேசையில் யாரோ சிரித்தார்கள், எல்லா மேசையும் சிரித்தது, கை தட்டினார்கள். நாடகத்தில் எழுதியிருப்பதுதான் இது என்று நினைத்துவிட்டார்கள். அவரும் அப்படியே நினைத்தார் போல. தன்னைப் பங்கெடுக்க வைத்தார்கள் என்ற சந்தோசத்தில், நான் ஊற்றிய தண்ணீரை எழும்பி நின்று முழுக்கக் குடித்தார். மாமனாராக நடித்தவர் கெட்டிக்காரர். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்க ஆளில்லை, இவள் சொன்னால் எல்லாரும் கேட்கிறார்கள் என்று சமாளித்துக்கொண்டு அடுத்த வசனத்துக்குப் போனார்.

முடிந்ததும் நெறியாளர் ஓடி வந்தாள். இதை ஒவ்வொரு நாளும் செய் என்றாள். யாராவது ஒருவரைத் தெரிந்தெடுத்துக் கையை வை, அந்தக் காட்சிக்கு அது உயிர் கொடுக்கிறது என்றாள். நான் மாட்டேன் என்றேன்.

"நிதானமாக இருக்கிற ஆளுக்கு நான் மறுத்தால் அது பொய்" என்றேன். "கொடுக்கக்கூடாத ஆள் வந்தால் மறுப்பேன். வராவிட்டால் இல்லை."

அவள் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து, நீ சொல்வதுதான் சரி, அதனால்தான் அது அவ்வளவு உண்மையாக இருந்தது என்றாள். மிச்ச நாட்களில் இன்னும் ஒருமுறைதான் அந்தத் தேவை வந்தது. அந்தப் பெண்மணி கை வைத்ததும் தானே தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

கணவர் கடைசி நாளுக்கு முதல் நாள் வந்தார். மேற்சட்டை எல்லாம் போட்டு, மூன்றாம் மேசையில் விறைத்துக்கொண்டு இருந்தார். நான் அவரைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மாப்பிள்ளை வைன் ஊற்ற வந்தபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். வாங்கிக் குடித்தார். ரயிலில் வரும்போது, எல்லாரும் நடிச்சினம், நீர் மட்டும் நடிக்கேல்லை என்றார். அது பாராட்டா என்று கேட்டேன். ஓம் என்றார். பிறகு வீட்டுக்கு வந்த ஆட்களுக்கெல்லாம் அவரே இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். பத்திரத்தில் யாருடைய பெயர் என்பதையும் சேர்த்துத்தான்.

நாடகம் முடிந்த கிழமை நகரசபையிலிருந்து கடிதம் வந்தது. மண்டபத்துக்கான அனுமதி முடிந்தது, இனிப் பழையபடி வாசல் கூடம் மட்டும் என்று. கீழே அந்த அதிகாரி கையால் ஒரு வரி எழுதியிருந்தார். இனிமேல் இப்படி ஏதாவது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்ந்து யோசிக்கலாம் என்று. அதைத் தலைவரிடம் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, நான் உனக்குச் சொன்னது பிழை என்றார். சுவிஸ்காரர் லேசில் அப்படிச் சொல்வதில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தாமல், கிளாஸ் பெட்டியைத் தூக்கித் தரச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தச் சங்கத்தில் ஒரு புது வழக்கம் வந்தது. எந்த நாடகம் போடுவதென்றாலும் பிரதியின் ஒரு நகல் எனக்கும் வரும். நான் அதை டீட்டிகோனில் குசினி மேசையில் வைத்து முழுக்க வாசிப்பேன். யாராவது குடிக்கிற பக்கம் வந்தால் பென்சிலால் கோடு போடுவேன். உண்மையான மதுவா, யார் ஊற்றுவது, எங்கே நின்று, பார்க்க வருபவர்களுக்கும் போகுமா என்று ஓரத்தில் எழுதி அனுப்புவேன். புதிதாக வரும் நெறியாளர்களில் சிலருக்கு முதலில் எரிச்சல் வரும். பிறகு தாங்களாகவே போன் எடுப்பார்கள். இப்போது நான் நாடகப் பிரதி நிறைய வாசித்தவள். எது ஓடும், எது ஓடாது என்று கேட்டால்கூடச் சொல்வேன்.

போன மாதம் ஒரு இளம் நெறியாளர் கூப்பிட்டார். தன் நாடகத்தில் ஒருவர் தட்டில் கடும் மதுவை ஊற்றி நெருப்பு வைக்க வேண்டும், நீலமாக எரிய வேண்டும், குடிக்கமாட்டார்கள், அது பரவாயில்லையா என்று கேட்டார். குடிக்காவிட்டால் அது என் பொறுப்பில் வராது, நெருப்பு என்றால் தீயணைப்புப் பகுதியைக் கேளுங்கள் என்று சொல்லி, யாரிடம், எந்த நாள் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.